வைரமும் சிரட்டைக்கரியும் ஒண்டுதானாம், உண்மையோ?

மாங்குளத்தான்:
மகள் இந்த வருசம் ஓ எல் சோதினை எடுக்கிறாள், நேற்று படிக்கேக்க வந்து கேக்கிறாள், அப்பா சிரட்டைக்கரி, பென்சில் கூர், வைரம் எல்லாம் ஒரே காபனாம், அப்ப ஏன் ஒண்டு கையில ஒட்டுது மற்றது கண்ணாடிய வெட்டுது எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
அண்ணை, அணுக்கள் பிணைஞ்சு நிக்கிற விதத்திலதான் எல்லாம் கிடக்கு. வைரத்தில ஒவ்வொரு அணுவும் வேற 4 அணுவை இறுக்கிப் பிடிச்சிருக்கும், அசைய ஏலாது. பென்சில்ல இருக்கிற காரீயத்தில (ஈயம் இல்லை, கிராபைட் எண்ட காபன், களிமண்ணும் கலந்துதான் வரும்) 3 அணுவோடதான் பிணைப்பு, பாய் அடுக்கின மாதிரி தட்டுத்தட்டா இருக்கும், தட்டுக்குள்ள நல்ல பலம் ஆனா தட்டுக்கும் தட்டுக்கும் பிடிப்புக் குறைவு, அதால வழுக்கிக் கழண்டு தாளில ஒட்டுது. பிணைப்பில சேராத மிச்ச இலத்திரன் ஓடித்திரியிறதால கரண்டும் கடத்தும். வைரம் கரண்ட் கடத்தாது, ஆனா சூட்டைக் கடத்திறதில செம்பையே வெண்டிடும்! காரீயத்தின்ர அந்தத் தட்டில ஒண்டை மட்டும் 2004இல பிரிச்செடுத்தவை, அதுதான் கிராபீன், 2010இல நோபல் பரிசும் குடுத்தவை.

விசுவமடு பெடியன்:
பழைய ரோச் பற்றரிய உடைச்சா நடுவில கறுப்புக் குச்சி வருமெல்லோ, சின்னனில அதால சுவரில கீறி அடிவாங்கினனான், அதுவும் காபன்தான். 6பி எண்ட மெதுவான கறுப்புப் பென்சிலால தடிப்பாக் கட்டையா ஒரு கோடு கீறி, 9 வோல்ட் பற்றரிக்கும் எல்ஈடிக்கும் இடையில வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, மங்கலா எரியும்.

மாங்குளத்தான்:
அப்ப சிரட்டைக்கரி?

குளக்கட்டு:
அது ஒழுங்கில்லாமக் குழம்பிக் கிடக்கிற காபன், முழுக்கச் சின்னச்சின்ன ஓட்டை. அதைப் பதப்படுத்தித்தான் தண்ணி பில்டருக்குள்ள போடுறவை.