நிற்பு: படையாட்டத்தில் ‘மனவுறுதி’க்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் ‘படையாட்டம்’ (அந்த விளையாட்டு), ‘சிற்றுரு’ (பொம்மை வீரன்), ‘பட்டோர்’ (ஆட்டத்தில் விழுந்தவர்கள்) மூன்றும் முடிவாகிவிட்டன. கடைசிச் சொல்லைத் தந்த தருமபுரி ஆசிரியை அம்மாவுக்கு மறுபடியும் நன்றி. ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்டவனை எங்கள் பக்கத்து நடுகற்கள் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று சொல்கின்றன. அடிபட்டு மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கும் சிற்றுருக்களுக்கு அதைவிடக் கண்ணியமான பெயர் கிடைக்காது. எங்கள் சங்கத்தில் இப்போது யாரும் ‘செத்தது மூன்று’ என்று சொல்வதில்லை. ‘பட்டோர் மூவர்’ என்கிறார்கள்.

மீதி இருப்பது ‘மொரால்’ (morale), அதாவது அடிபட்ட அணி ஓடாமல் நிற்கும் துணிவு. இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். சேலத்து நண்பர் நேற்று எழுதியிருந்தார்: “மனவுறுதி என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? செய்தித்தாள்களும் அதைத்தானே எழுதுகின்றன?” நியாயமான கேள்வி. நானும் ஒரு வருடம் ஒவ்வோர் அணியின் விவர அட்டையிலும் அப்படித்தான் அச்சிட்டேன். அது ஏன் பொருந்தவில்லை என்பதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

அன்று எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ச் சண்டை. 1791 நவம்பர் 7 அன்று ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியது. மலையடி ஊரான பேட்டையும் கீழ்க்கோட்டையும் விழுந்தன. அதே வேகத்தில் மேல்கோட்டைக்கு ஏறியவர்கள்மீது திப்புவின் காவற்படை பாறைகளை உருட்டிவிட்டது. ஏணிகள் நொறுங்கின. மேக்ஸ்வெல் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. எங்கள் பகுதியான பாராமகால் முழுவதும் மறுவருடம் உடன்படிக்கையால் கம்பெனியின் கைக்குப் போனது வேறு கதை. அன்றைய தாக்குதலில் கோட்டை விழவில்லை. நாங்கள் ஆடுவது பழையபேட்டையில் ஒரு வீட்டு மாடியில். ஜன்னலைத் திறந்தால் அந்த மலையேதான் எதிரே நிற்கிறது.

மேசைமேல் இருந்தது தெர்மாகோலில் செதுக்கிய மலை. அதன் பாறைகளுக்கு நிறம் தீட்டத் தேவையே இல்லை. கிரானைட் அறுக்கும் பட்டறையிலிருந்து ஒரு பை தூள் வாங்கிவந்து, பசை தடவித் தூவிவிட்டோம். அசல் மலையின் சாம்பல் நிறம் அப்படியே வந்துவிட்டது. சிற்றுருக்கள் 15 மி.மீ. அளவு. கம்பெனிப் படையின் ஒரு கிரெனேடியர் (தேர்ந்தெடுத்த காலாட்படை) அணிக்கு 12 பேர்.

அந்த அணி மேல்கோட்டைச் சுவருக்குக் கீழே வந்தபோது பட்டோர் நால்வர். மூன்றில் ஒரு பங்கு போனால் சோதனை உண்டு என்பது எங்கள் விதி. இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அணி நிற்கும். இரண்டு பகடையும் விழும் விதங்கள் மொத்தம் 36. அவற்றில் 21 சாதகம். நெடுநாள் படை என்பதால் ஒன்று கூட்டல். தலைவன் விழுந்துவிட்டதால் ஒன்று கழித்தல். ஆக, வெறும் 7.

பகடையைக் கையில் வைத்திருந்தவர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்யும் நண்பர். எதிரே கோட்டையைக் காத்தது ஒன்பதாம் வகுப்புப் பையன். நண்பர் பகடையைக் குலுக்கும்போது அறையில் இருந்த ஏழு பேரும் கேட்டது ஒரே கேள்வி: “நிற்குமா?” யாரும் “மனவுறுதி இருக்குமா?” என்று கேட்கவில்லை. நான்கும் இரண்டும் விழுந்தன. “நிற்கவில்லை” என்று பையன்தான் முதலில் சொன்னான், குரலில் கொஞ்சம் வருத்தத்தோடு. அந்த அணி ஓடியதைப் பார்த்து ஆறு அங்குலத்துக்குள் இருந்த சிப்பாய் அணியும் சோதனைக்கு வந்தது. அதுவும் நிற்கவில்லை. 1791-இல் நடந்தது எங்கள் மேசையிலும் நடந்தது.

சொல் அந்த அறையிலேயே இருந்தது. நான் அச்சிட்ட அட்டையில்தான் இல்லை.

‘மனவுறுதி’யில் எனக்குள்ள குறை இதுதான். அது தனி மனிதனுடைய குணம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு மனவுறுதி வேண்டும், நோயாளிக்கு வேண்டும். நாம் பெயர் வைக்கத் தேடுவது ஒரு கூட்டத்தின் இயல்புக்கு. வரிசையில் பக்கத்தில் நிற்பவனைப் பொறுத்து ஏறி இறங்கும் ஒன்றுக்கு. 1870-இல் போரில் பட்ட காயத்தால் இறந்த பிரெஞ்சுக் கர்னல் ஆர்தான் து பிக் இதை முழு ஆராய்ச்சியாகவே செய்தார். ஒருவரையொருவர் அறியாத நான்கு வீரர்கள் ஒரு சிங்கத்தை எதிர்க்கத் துணியமாட்டார்கள். அவர்களைவிட வீரம் குறைந்த நால்வர், ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை உள்ளவர்கள், துணிந்து போவார்கள் என்பது அவர் கருத்து. பழங்காலப் போர்களில் பெரும்பாலோர் செத்தது நேருக்கு நேர் மோதும்போது அல்ல, ஒரு பக்கம் உடைந்து ஓடும்போதுதான் என்றும் அவர் காட்டினார். பொம்மைப் போருக்கு 1913-இல் விதி எழுதிய எச். ஜி. வெல்ஸ், படை உடைவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருடைய சுருள்வில் பீரங்கி மரக்குச்சியை எறியும், பொம்மை விழும், மீதிப் பொம்மைகள் அஞ்சாமல் நின்றுகொண்டே இருக்கும். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தைத்தான் திருத்தினார்கள். இன்று வரலாற்றுப் படையாட்டத்துக்கு உயிர் இந்தச் சோதனையில் இருக்கிறது. அதற்கு ஏனோதானோ என்று ஒரு பெயர் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘மொரால்’ என்றே தமிழில் எழுதிவிடலாம் என்ற ஓசூர்த் தம்பிக்கு ஒரு செய்தி. அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் முதல் நாள் வந்தபோது, ஒருவர் “இப்போது மாரல் டெஸ்ட்” என்றார். பையன் முகம் வாடிவிட்டது. பள்ளியில் நீதிபோதனை வகுப்புக்கு அந்தப் பெயர்தான். இங்கேயும் அதில் தேர்வு வைப்பார்கள் என்று நினைத்துவிட்டான். ஒலிபெயர்த்த சொல் எந்தப் பக்கம் கதவைத் திறக்கும் என்று சொல்ல முடியாது, தம்பி. ‘பீரங்கி’யும் ‘கிரெனேடிய’ரும் இருக்கட்டும், அவற்றில் எனக்குச் சண்டை இல்லை. அவை பொருள்களுக்கும் ஆட்களுக்கும் வந்த பெயர்கள். இது விதியின் நடுவில் நிற்கும் வினை. கேட்டவுடன் புரிய வேண்டும்.

நான் முதலில் முன்வைத்தது ‘வன்கண்’. இன்னமும் அந்தச் சொல்மேல் எனக்கு ஆசை போகவில்லை. படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார்:

உலைவிடத்து ஊறஞ்சா வன்கண் தொலைவிடத்துத்
தொல்படைக் கல்லால் அரிது.

‘தொலைவிடத்து’ என்பதற்குப் பரிமேலழகர் தரும் பொருள், படை எண்ணிக்கையில் சிறுத்துப்போன நேரம் என்பது. தொல்படை என்றால் வழிவழியாக வந்த மூலப்படை. ஆள் குறைந்து, போர் குலைந்துகொண்டிருக்கும்போது, வருவது வரட்டும் என்று நின்று தாங்குவது பழம்படைக்கு மட்டுமே முடியும். நம் விதிப்புத்தகத்தின் பக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போது சோதனை? ஆள் குறையும்போது. யாருக்குக் கூட்டல் ஒன்று? நெடுநாள் படைக்கு. விதி முழுவதும் ஏழு சீரில் இருக்கிறது. இதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஆசிரியை அம்மா சொன்ன மறுப்பை என்னால் தாண்ட முடியவில்லை. இன்று வன்கண் என்றால் இரக்கமின்மை. குறளிலேயே அந்தப் பொருளும் உண்டு: கொடுக்க மனம் வராமல் சேர்த்து வைத்து இழப்பவர்களை 228-ஆம் குறள் ‘வன்கணவர்’ என்கிறது. கோட்டையைக் காத்து நிற்கும் ஓர் அணியின் அட்டையில் ‘வன்கண் 7’ என்று அச்சிட்டால், புதிதாக வரும் பிள்ளை அவர்கள் கொடியவர்கள் என்றுதான் படிப்பான். அம்மா சொல்வது சரி. வன்கண்ணை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தொல்படை’யை விடமாட்டேன், நெடுநாள் படைக்கு அட்டையில் இனி அதுதான் பெயர். இதை யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது என் முன்மொழிவு: நிற்பு.

கல் என்ற வேரிலிருந்து கற்பு, இரு என்பதிலிருந்து இருப்பு. அதேபோல் நில் என்பதிலிருந்து நிற்பு. சொல்லாக்கத்தில் வலிந்து செய்தது எதுவும் இல்லை. நிற்பு எண், நிற்புச் சோதனை, நிற்பு தவறியது என்று எல்லா இடத்திலும் உட்காருகிறது. மூன்றே எழுத்து என்பதால் சிறிய அட்டையிலும் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பகடை உருளும்போது நாக்கில் தானாக வரும் ‘நிற்குமா’ என்ற கேள்விக்கு அதுவே பெயர்ச்சொல்.

‘நிலை’ போதாதா என்று கேட்பீர்கள். அதே வேர்தான். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே பல சுமைகளைச் சுமக்கிறது. அணி எங்கே இருக்கிறது என்பதும் நிலை, எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதும் நிலை. ‘நிலை மாறியது’ என்றால் இடம் மாறியதா, துணிவு மாறியதா? ‘தாக்குப்பிடிப்பு’ என்று சென்னையிலிருந்து வந்த யோசனை எனக்கு உண்மையில் பிடித்திருந்தது. தாக்குதலைப் பிடித்து நிறுத்துவது என்ற படம் அதற்குள் இருக்கிறது. ஆனால் நாங்கள் அதைக் கடன் சுமைக்கும் கோடை வெயிலுக்கும் சேர்த்தே சொல்கிறோம். நீளமும் கூடுதல்.

நிற்புக்குப் பின்னால் ஒரு குறளும் நிற்கிறது. படைச்செருக்கின் முதற்குறள்:

என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை
முன்நின்று கல்நின் றவர்.

என் தலைவன்முன் நிற்காதீர்கள், பகைவர்களே. அப்படி நின்ற பலர் இன்று கல்லாய் நிற்கிறார்கள் என்கிறான் வீரன். போரில் நிற்பதும் நடுகல்லாக நிற்பதும் இங்கே ஒரே வினை. ‘பட்டோர்’ எந்தக் கல்லிலிருந்து வந்ததோ, ‘நிற்பு’ம் அதே கல்லின் பக்கத்திலிருந்து வருகிறது. எங்கள் மாவட்டத்துக் காட்டிலும் வயலோரத்திலும் அந்தக் கற்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, நிற்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கான சொற்கள். முதல் படி ‘தளர்வு’: அணி இருந்த இடத்திலேயே இருக்கும், முன்னேறாது. இரண்டாவது ‘உடைவு’: முதுகு காட்டி ஓடும். ‘படை உடைந்தது’ என்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. இந்த இடத்தில் ‘புறங்கொடை’ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய பாட்டில் அழகுதான். ஆனால் புறங்கொடுத்தவனுக்கு நம் மரபில் தீராத பழி உண்டு. புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவர்கள் வாழ்ந்த மரபு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆட வந்த ஒருவருடைய அணிமேல் அந்தப் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. உடைவு போதும்.

மூன்றாவதுதான் சிக்கல். ஓடிய அணி தலைவன் குரல் கேட்டுத் திரும்பி வந்து கூடுவதை என்னவென்று சொல்வது? ‘தேறுதல்’ என்று எழுதிப் பார்த்தேன். நோயிலிருந்து தேறுவதுபோல, சோர்விலிருந்து தேறுவதுபோல. ஆடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே வம்பாகிவிட்டது. “அணி தேறியது” என்று ஒருவர் சொன்னார். சோதனையில் தேறியதா, ஓட்டத்திலிருந்து தேறியதா? இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு சிற்றுருக்களை எதிரெதிர்ப் பக்கம் நகர்த்திவிட்டார்கள். ‘மீட்சி’ என்றால் யாரோ வந்து மீட்டது போல இருக்கிறது. ‘திரள்வு’ என்ற சொல்லை இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ‘உடைந்த படை மறுபடி திரண்டது’ என்று வாக்கியத்தில் நன்றாக வருகிறது. ஆனால் புதிதாக ஆள் சேர்ந்து பெருகியது போன்ற தொனி அதில் கொஞ்சம் இருக்கிறது. பன்னிரண்டில் எட்டுப் பேர் மட்டுமே மிச்சம் இருக்கும் அணிக்கு அது பொருந்துமா என்று தயங்குகிறேன்.

ஆசிரியை அம்மா, இதற்கும் கல்வெட்டிலோ உங்கள் ஊர்ப் பேச்சிலோ ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சிதறிய மாட்டு மந்தையைக் கூட்டிக் கொண்டுவருவதற்குப் பென்னாகரம் பக்கத்தில் ஒரு சொல் வைத்திருப்பார்கள் அல்லவா? மாடு மேய்த்தவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால் அவர்களும் எழுதுங்கள். இரண்டாம் ஞாயிறு அடுத்த ஆட்டம், இராயக்கோட்டை முற்றுகை. அட்டைகளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நிற்பு, தளர்வு, உடைவு, தொல்படை நான்கையும் ஏற்றிவிட்டேன். நான்காவது கட்டத்துக்குக் கீழே ஓர் இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி