சால்டேரில் பழைய கல்வீடு: சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பக்கம் சால்டேரில் போன வருடம் ஒரு சின்ன வரிசை வீடு வாங்கினோம். டைட்டஸ் சால்ட் தன் கம்பளி ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கிராமம் இது. ஆலை திறந்தது 1853-இல். தெருக்களுக்குத் தன் பிள்ளைகளின் பெயர்களையே வைத்துவிட்டார் மனிதர்: ஏடா, ஹெலன், ஃபேனி, ஹெர்பர்ட். கட்டடக் கலைஞர்கள் லாக்வுட், மாசன் பெயரிலும் தெரு உண்டு. 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் வேறு இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் முன்சுவரில் கல் இடுக்குகளிலிருந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். மணற்கல் குடித்த ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல்லுக்குள்ளேயே தங்குகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து, கல்லின் மேல்தோல் அப்பளம் மாதிரி பெயர்கிறது. தினமும் வாசலில் பழுப்புத் தூள் பெருக்குகிறேன். உள்ளே ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு.

வந்து பார்த்த ஒருவர், "இன்னொரு கோட் சிமெண்ட் பூசிடலாம்" என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இங்கிலாந்தில் பழைய கல்வீட்டோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கல் விளிம்பு உடையாமல் சிமெண்டை எடுக்க உளியும் சுத்தியலும் போதுமா, மெஷின் வேண்டுமா? இந்த மணற்கல்லுக்கு என்.எச்.எல். (நீர் சேர்ந்தால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) வகையில் வலு குறைந்த 2 சரியா, வலு கூடிய 3.5 சரியா? பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் கவுன்சில் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள், என்னென்ன இணைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் இன்னும் நல்லது. அக்டோபர் குளிருக்குள் பூசி முடிக்க வேண்டும்.