சத்ரியா ஜிடிஐயா, ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா?

சிப்புட் தம்பி:
வணக்கம். ஊர் சுங்கை சிப்புட், வேலை ஈப்போவில். பெரியப்பா தம்முடைய பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காரை என்னிடமே தருகிறேன் என்கிறார். விலைதான் இன்னும் பேசவில்லை. இதற்குள் ஒரு 2021 சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டுக்கும் 140 குதிரைத்திறன்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இருபது வருட முன்னேற்றம் எங்கே போனது? அம்மா வீட்டுக்குச் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குலை லாரிகளின் பின்னால் மாட்டிக்கொள்வதே என் பிழைப்பு.

பட்டறைக்காரர்:
தம்பி, 140 என்பது உச்சத்தில் கிடைப்பது. அது எப்போது கிடைக்கிறது என்று பார். ஜிடிஐயில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி93, டர்போ இல்லாத 1.8 லிட்டர். இஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டினால்தான் அதற்கு உயிர் வரும். ஸ்விஃப்டின் 1.4 டர்போ 2,500 சுற்றிலேயே 230 நியூட்டன் மீட்டர் இழுக்கிறது. லாரியை முந்த ஸ்விஃப்டில் காலை அழுத்தினால் போதும். ஜிடிஐயில் மூன்றாம் கியருக்கு இறக்கி, இஞ்சினைக் கதறவிட வேண்டும். எனக்கு அந்தக் கதறல்தான் கார். நம் மலேசியாவில் இந்த டர்போ ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை ஆட்டோ கியரில் மட்டுமே விற்றார்கள். அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பெரியப்பா முதல் உரிமையாளரா? சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் ஹாஃப்-கட் (வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த முன்பாதி) இஞ்சினும் மாட்டி விற்றவர்கள் ஏராளம். ஜிடிஐயின் கையாளுதலை மெருகேற்றிய லோட்டஸ் நிறுவனத்தின் பெயர் பின்னால் ஒட்டியிருப்பதை நம்பாதே, அது கடையில் கிடைக்கும். சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் பதிவு அட்டையோடு ஒத்துப் பார். ஓட்டுநரின் ரெக்காரோ இருக்கையில் வலது விளிம்பைத் தடவிப் பார். ஏறி இறங்கியே துணி நைந்திருக்க வேண்டும். புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேள். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதையும் கேள். அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஸ்விஃப்டில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, அந்தப் பயம் இல்லை.

கிராணி வீட்டுப் பெண்:
அண்ணன் கதறலைப் பற்றியே பேசுகிறார், நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். தீபகற்பத்தில் 1,834 சிசி ஜிடிஐக்குச் சாலை வரி ஆண்டுக்கு 297 வெள்ளி (ரிங்கிட்). 1,373 சிசி ஸ்விஃப்டுக்கு 70 வெள்ளிதான். மழையில் வண்டி வழுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து நிமிர்த்தும் வசதியும் ஸ்விஃப்டில் உண்டு. ஜிடிஐயில் உங்கள் கைதான். அம்மாவை ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்றால் பின்கதவு இல்லாத காரில் அவர் எப்படி ஏறுவார் என்றும் யோசியுங்கள்.

சிப்புட் தம்பி:
அம்மா முன்னால்தான் உட்காருவார் அக்கா, பின்னால் உட்காரச் சொன்னால் சண்டை! பெரியப்பா இரண்டாவது உரிமையாளராம். பெல்ட் ரசீதைக் கேட்டேன், "என்மேலேயே சந்தேகமா?" என்கிறார்.

பட்டறைக்காரர்:
அப்படியானால் கட்டாயம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வா, பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பெரியப்பாவையும் அழைத்து வா. விலையை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.