இன்டர்ஃபெரான் இருந்தும் எபோலா எப்படிக் கொல்கிறது?

விலங்கியல் டீச்சர்:
பிளஸ் டூ வகுப்பில் இன்று இன்டர்ஃபெரான் நடத்தினேன். வைரஸ் புகுந்த செல் அதைச் சுரக்கும், பக்கத்துச் செல்கள் உஷாராகிவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்புறம் எபோலா வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் டீச்சர் சாகிறார்கள்? அவர்களுக்கு அது சுரக்காதா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன். நாளை முதல் பீரியடே அந்த வகுப்புதான். யாராவது கைகொடுங்கள்.

மருந்துக்கடை:
எதிர்ப்பு சக்தி கம்மியாக இருந்திருக்கும் டீச்சர். சத்தான சாப்பாடு கிடைக்காத ஊர்கள்தானே.

பழைய லேப்காரன்:
அது இல்லை அண்ணே. 2014-16இல் மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் சிகிச்சை கொடுத்த டாக்டர்களும் நர்ஸ்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. பட்டினி கிடந்தவர்களா அவர்கள்?

டீச்சர், அந்தப் பெண் கேட்டதிலேயே பதில் இருக்கிறது. சுரக்க வேண்டிய நேரத்தில் சுரக்காது. எபோலா பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். நம் செல்லுக்குள் அதற்கென்றே காத்திருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் அதைத் தொட்டால்தான் இன்டர்ஃபெரான் ஜீன் முடுக்கப்படும். வைரஸின் வி.பி.35 என்ற புரதம் முந்திக்கொண்டு அந்த ஆர்.என்.ஏ.வைப் போர்த்தி மூடிவிடுகிறது. தடயமே தெரியாது, தண்டோராவும் கிடையாது. அது முதலில் புகுவதும் மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் என்ற காவல்கார செல்களுக்குள்தான்.

நான் நாலு வருடம் இந்த வி.பி.35ஓடு குப்பை கொட்டியவன். உயிருள்ள எபோலாவைக் கண்ணால் பார்த்ததில்லை, அந்த ஒரு ஜீன் மட்டும்தான் எங்கள் கையில். மனித செல்களில் இன்டர்ஃபெரான் சுவிட்சோடு மின்மினிப் பூச்சியின் ஒளி ஜீனைக் கோத்து வைப்போம். பிறகு எலிகளைத் தாக்கும் சென்டாய் வைரஸை விட்டுச் சீண்டினால் செல்கள் ஒளிரும். செல்கள் வளர்க்கும் தட்டில் வி.பி.35 இருந்த குழிகள் மட்டும் இருட்டு. பிபெட் பிடித்ததில் தப்பு என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன், அதே இருட்டுதான். அதன் 312ஆவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றியபோது வெளிச்சம் திரும்பியது. ராத்திரி பதினொன்றரை மணி, சொல்லக்கூட ஆள் இல்லை. வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிச்சத்தை அளக்கும் கருவியின் திரையில் நாலு நம்பரைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, கதவைப் பூட்டலாமா?" என்றார்.

இப்படி ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க முடியாத வி.பி.35 கொண்ட எபோலாவை கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அவை சாகவில்லை. பிறகு கொல்லும் வைரஸைக் கொடுத்தபோதும் தப்பித்தன.

மருந்துக்கடை:
அப்படியானால் காய்ச்சல் எதனால் வருகிறது தம்பி? எதிர்ப்பே இல்லை என்றால் காய்ச்சலும் வரக்கூடாதே.

பழைய லேப்காரன்:
இது நல்ல கேள்வி அண்ணே. அடங்கிப்போவது இன்டர்ஃபெரான்தான், எல்லாமே இல்லை. வைரஸ் பெருகிய பிறகு மேக்ரோஃபேஜ்கள் வேறு சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களை, கட்டுமீறிக் கொட்டும். காய்ச்சல், ரத்த நாளங்கள் கசிவது எல்லாம் அதனோடு சேர்ந்தவை.

விலங்கியல் டீச்சர்:
வகுப்பு முடிந்து நேராக இங்கே வருகிறேன். முழுதும் கேட்டுவிட்டு அதே பெண், "அப்போ இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டால்?" என்கிறாள்!

பழைய லேப்காரன்:
அவளை விட்டுவிடாதீர்கள் டீச்சர். குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், சாவு கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இன்டர்ஃபெரான் வெளியிலிருந்து வந்தாலும் அந்தச் செய்தியை ஸ்டாட்1 என்ற புரதம் உட்கருவுக்குள் கொண்டுபோக வேண்டும். ஸ்டாட்1-ஐச் சுமந்து போகும் புரதத்தை எபோலாவின் இன்னொரு புரதமான வி.பி.24 பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு வாசலை நாம் திறந்தால் அடுத்த வாசலில் இன்னொருவன். 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபோலா மருந்துகள் இரண்டும் இந்த வம்புக்கே போகவில்லை. வைரஸின் வெளிப்புறப் புரதத்தைப் பிடித்து, செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடிகள் அவை.