மூன்று சூத்திரம், மூன்று விடை: வாட்ஸ் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

புதுஒயர்:
அவசரமாக ஒரு உதவி வேண்டும். வோல்டேஜ் 12, கரண்ட் 1.7 ஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் (தடை) 0.8 ஓம். எல்லாம் மல்டிமீட்டரில் நானே எடுத்தது. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் 20.4 வாட்ஸ். வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் 180 வாட்ஸ். கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் வெறும் 2.3. மூன்றும் ஒரே விடைதானே தர வேண்டும்? எதை நம்பி ஃபியூஸ் வாங்குவது? இன்றைக்கே முடிக்க வேண்டும்.

செம்புக்கம்பி:
எதை அளந்தீர்கள் என்று சொல்லவே இல்லையே. ஹீட்டரா, மோட்டாரா, பல்பா? ஏசியா, டிசியா? ரெசிஸ்டன்ஸ் எடுக்கும்போது சப்ளை இருந்ததா?

நியூட்ரல்:
பவர் ஃபேக்டராகத்தான் இருக்கும். ஏசியில் ஓடும், கம்பிச்சுருள் உள்ள சாதனத்தில் வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது, அதனால் இரண்டையும் பெருக்கினால் உண்மையான வாட்ஸ் வராது. முதலில் அதைப் பாருங்கள்.

பழையமீட்டர்:
இது பள்ளிப்பாடம். 12ஐ 1.7ஆல் வகுங்கள், 7.06 ஓம் வருகிறது. கையில் இருப்பதோ 0.8. அளவு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிய வேண்டாமா? மீட்டர் வாங்குவதற்கு முன் புத்தகத்தைத் திறந்திருக்கலாம். தினமும் இதே மாதிரி கேள்விக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது.

முனைத்தொடுப்பு:
அவர் அவசரத்தில் கேட்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. புதுஒயர், ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது மீட்டரின் புரோப் (அளக்கும் முனை) ஒயரின் தடையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

புதுஒயர்:
பல்புதான், இழை உள்ள பழைய வகை. பேட்டரி, டிசி. பல்பைத் தனியாகக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் எடுத்தேன். புரோப் தொட்டால் 0.3. அப்படியென்றால் 0.5 ஓம்தான், 288 வாட்ஸ் ஆகிவிட்டது. இன்னும் மோசம்!

செம்புக்கம்பி:
பல்பு என்றதும் விடை கிடைத்துவிட்டது. டிசி என்பதால் பவர் ஃபேக்டரை விட்டுவிடுங்கள். நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட், அதில் இழை சூடாகாது. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது, தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். உங்கள் எண்ணிலேயே அது இருக்கிறது: குளிரில் 0.5, எரியும்போது 7. 14 மடங்கு.

நேரில் பார்க்க வேண்டுமென்றால், பல்பு எரிந்து அணைந்த கையோடு சப்ளையிலிருந்து பிரித்து ஓம் வைத்துப் பாருங்கள். முதலில் கூடுதலாகக் காட்டிவிட்டு எண் மளமளவென இறங்கும். சப்ளை இருக்கும்போது மட்டும் ஓம் வைக்கவே கூடாது.

மூன்று சூத்திரமும் சரிதான். ஆனால் போடுகிற மூன்று எண்ணும் ஒரே நேரத்து நிலையைச் சொல்ல வேண்டும். எரியும்போது எடுத்த கரண்டோடு அணைந்தபோது எடுத்த தடையைச் சேர்த்தால் ஒத்துப்போகாது. 7.06ஐப் போட்டுப் பாருங்கள், மூன்றிலும் 20.4 வரும்.

பழையமீட்டர்:
அதாவது பல்புக்கு ஓம் விதியே பொருந்தாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் போதும்.

முனைத்தொடுப்பு:
இரண்டையும் குழப்பாதீர்கள். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை என்பது வரையறை, அது எந்தப் பொருளுக்கும் எந்த நொடியிலும் உண்டு. அந்த விகிதம் மாறாமல் இருக்கும் என்பதுதான் இயற்பியலாளர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, அதுவும் வெப்பநிலை மாறாதபோது.

பழையமீட்டர்:
மாறிக்கொண்டே இருக்கும் எண்ணுக்குத் தடை என்று பேர் வைத்து என்ன பயன்? வோல்டேஜுக்கு எதிராகக் கரண்டை வைத்து வளைகோடு வரைந்து காட்டுவதுதான் முறை. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுக்கும் இப்படித்தான் வகுத்துச் சொல்வீர்களா?

முனைத்தொடுப்பு:
அந்த ஒரு புள்ளிக்குத் தாராளமாகச் சொல்லலாம். பக்கத்துப் புள்ளியில் வேறு எண் வரும், அவ்வளவுதான்.

நியூட்ரல்:
சரி, அவர் கேட்டது ஃபியூஸ். 0.5 ஓமையும் தூக்கி எறிய வேண்டாம், சுவிட்ச் போட்ட கணத்தில் பாய்வதை அது சொல்கிறது. கணக்குப்படி 24 ஆம்பியர், ஒயர் தடையால் உண்மையில் குறையும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இழை சூடாகி 1.7க்கு வந்துவிடும், ஃபியூஸ் கம்பி உருக அந்த நேரம் போதாது. 180 வாட்ஸை நம்பி 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். மெல்லிய ஒயரில் கோளாறு வந்தால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் கருகும். ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகத்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

செம்புக்கம்பி:
புதுஒயர், எரியும்போது பல்பின் முனையிலேயே வோல்டேஜ் எடுத்தீர்களா?

புதுஒயர்:
இப்போது எடுத்தேன், 11.8. 1.7ஆல் பெருக்கினால் 20 வாட்ஸ். பல்பின் அடியில் 12 வோல்ட் 21 வாட் என்று பொறித்தும் இருக்கிறது. 3 ஆம்பியர் ஃபியூஸ் வாங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

செம்புக்கம்பி:
அந்த ஃபியூஸுக்குக் கீழே ஒரு பல்புதானா? இரண்டு என்றால் 3.4 ஆம்பியர் ஆகிவிடும், 5 வேண்டும், ஒயரும் அதைத் தாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் சொல்லுங்கள்.