மிஸ்டேக்: பிழையா, தவறா, குற்றமா?

கருப்புமை:
ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் பொதுப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்ட ஒருவர் ஆங்கிலத்தில் 'ஐ மேட் எ மிஸ்டேக்' என்று எழுதியிருக்கிறார். நான் 'பிழை நேர்ந்துவிட்டது' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை அடித்துவிட்டு 'குற்றம்' என்று எழுதிவிட்டார். எனக்கு உடன்பாடில்லை. அவர் சொன்னதைத் தமிழில் தருவதுதான் என் வேலை. தீர்ப்பு எழுதுவது அல்ல.

ஏட்டுச்சுவடி:
மெய்ப்புப் பார்த்தவர் பக்கம் நான். மிஸ்டேக் என்பது பழைய நார்ஸ் மொழியின் 'மிஸ்டாகா'விலிருந்து வந்த சொல். ஒன்றை மாற்றி எடுத்துக்கொள்வது என்று பொருள். கயிற்றைப் பாம்பென்று எண்ணி அலறினால் அது மிஸ்டேக். இருட்டில் அடுத்தவர் குடையைத் தன் குடை என்று எடுத்துப் போனால் அதுவும் மிஸ்டேக். பெட்டியைத் திறந்து, எண்ணி, பையில் வைத்துக்கொண்ட பணம் எப்படி மிஸ்டேக் ஆகும்?

கருப்புமை:
வேரை வைத்து இன்றைய பொருளை அளக்கக் கூடாது ஐயா. 'அந்த வேலையை விட்டது பெரிய மிஸ்டேக்' என்கிறார்கள். ராஜினாமாக் கடிதத்தில் தூக்கத்திலா கையெழுத்திட்டார்கள்? தெரிந்தே எடுத்த முடிவு கெட்டுப்போனாலும் அந்தச் சொல் பொருந்தும். நம் 'பிழை'யையே பாருங்கள். 772ஆம் குறளில் 'யானை பிழைத்தவேல்' என்றால் யானைமேல் எறிந்து குறி தவறிய வேல். இன்று 'பிழைத்தான்' என்றால் உயிர் தப்பினான். 'தப்பு'க்கும் இதே கதைதான்: செய்தால் தப்பு, ஓடினால் தப்பித்தல். வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு வரிகூட எழுத முடியாது.

கடைசிப் பெஞ்சு:
ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மொழி கற்றல் பற்றி 1967இல் எழுதிய எஸ். பிட் கார்டர் எரரையும் மிஸ்டேக்கையும் பிரித்தார். விதி தெரிந்தும் களைப்பிலோ அவசரத்திலோ நழுவுவது மிஸ்டேக். விதியே மனத்தில் சரியாகப் பதியாமல் திரும்பத் திரும்ப வருவது எரர். என் மாணவர்கள் மிஸ்டேக்குக்கு முன்னால் 'டூ' போடுகிறார்கள். 'தவறு செய்தேன்' என்று தமிழில் நினைப்பதால் வருவது அது. ஆங்கிலம் அங்கே 'மேக்' கேட்கும். எத்தனை முறை திருத்தினாலும் மறு வாரம் திரும்பி வந்துவிடும்! இந்த இரண்டிலும் கெட்ட எண்ணம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏட்டுச்சுவடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். வேலையை விட்டவர் கணக்குத் தப்பாகப் போட்டார், சரி. பணத்தை எடுத்தவர் எதைத் தப்பாகக் கணித்தார்? அகப்பட மாட்டோம் என்று நினைத்தாரே, அது ஒன்றுதான்.

கருப்புமை:
நியாயமான அடி. ஆனாலும் 'குற்றம்' பிறர் சுமத்தும் சொல். அவர் வாயில் அதைத் திணித்தால், அவர் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். படிக்கிறவர்களுக்கு அவர் எவ்வளவு ஒப்புக்கொண்டார் என்பது தெரிய வேண்டும், அதற்கு மேல் அல்ல.

கடைசிப் பெஞ்சு:
பெயர்ச்சொல்லுக்காக இவ்வளவு சண்டை போடுகிறீர்களே, வினையைப் பார்த்தீர்களா? அவர் 'நான்' என்று தொடங்கியிருக்கிறார். உங்கள் தமிழில் அந்த 'நான்' எங்கே? 'நேர்ந்துவிட்டது' என்றால் மழை பெய்ததுபோல் தானாக நடந்தது என்றாகிறது.

கருப்புமை:
நான் பார்க்கத் தவறிவிட்டேன். அவர் சொல்லாத சாக்கை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'பிழை'யும் இங்கே ஒட்டவில்லை. அச்சுப்பிழை, கணக்குப்பிழை என்ற நினைப்பையே தருகிறது. 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று மாற்றுகிறேன். கை தவறியதற்கும் நெறி தவறியதற்கும் அந்தச் சொல் இடம் தருகிறது.

ஏட்டுச்சுவடி:
'நான்' வந்ததில் மகிழ்ச்சி. 'தவறு' எனக்கு இன்னும் போதவில்லை. மாதாமாதம் அந்தச் சங்கத்துக்குப் பணம் கட்டியவர்கள்தான் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அவர்களில் ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.