எல்எஸ்1 இன்ஜின் கார்வெட்டுக்கு எந்த கேம் (வால்வ தொறந்து மூடுற கேம்ஷாஃப்ட்)? 224ஆ 228ஆ, டெய்லி ஓட்டுற வண்டி

வெள்ளை_சி5:
எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன்ல இருக்கேன், வண்டி 2002 கார்வெட் சி5, எல்எஸ்1, ஆறு கியர் மேனுவல், பின்னாடி ஒரிஜினல் 3.42 கியர்தான். 92 ஆயிரம் மைல் ஓடிருக்கு, இன்ஜின் இதுவரைக்கும் தொறந்ததே இல்ல. கம்பெனி கணக்குல 350 ஹார்ஸ்பவர், அது பத்தாம இல்ல, ஆனா 4500 ஆர்பிஎம் தாண்டினதும் இன்னும் கொஞ்சம் இழுத்தா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. வாரத்துல நாலு நாள் ஆபீஸுக்கு இதுலதான் போறேன், ஒரு பக்கம் 25 மைல், அதுல பாதி டிராஃபிக். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ ஆங்கிள்டன்ல இருக்குற டிராக்குக்கு எடுத்துட்டுப் போவேன். ரெண்டு கேம் பாத்து வச்சிருக்கேன், ஒண்ணு 224/224 எல்எஸ்ஏ 112, இன்னொண்ணு 228/228 எல்எஸ்ஏ 112 (முதல் ரெண்டு நம்பர் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு தொறந்திருக்குற டியூரேஷன், டிகிரில; எல்எஸ்ஏ அந்த ரெண்டு கேம் லோபுக்கும் நடுவுல இருக்குற கோணம்). 228 போட்ட வண்டி ஐடில்ல நிக்கிற சத்தம் கேட்டதுலேர்ந்து மனசு அங்கயே நிக்குது. எக்ஸாஸ்ட் இப்போதைக்கு ஒரிஜினல், ஹெடர் (புகை சுலபமா வெளியேற விடுற எக்ஸாஸ்ட் பைப்) போட காசு இல்ல. எது எடுக்கலாம்? கூட வேற என்னெல்லாம் மாத்தணும்?

கிரீஸ்கை:
தம்பி, சத்தத்த வச்சு கேம் எடுக்காத, முதல்ல ஓவர்லாப் கணக்கு போட்டுப் பாரு. எக்ஸாஸ்ட் வால்வு முழுசா மூடுறதுக்குள்ளயே இன்டேக் வால்வு தொறக்க ஆரம்பிச்சிடும்ல, ரெண்டும் சேந்து தொறந்திருக்குற அந்த நேரம்தான் ஓவர்லாப். மேல ஆர்பிஎம்ல இது நல்லது, வெளிய ஓடுற புகையே புதுக் காத்த உள்ள இழுத்து விடும். கீழ ஐடில்ல அதே புகை திரும்பி இன்டேக் பக்கம் வந்துடும், கலவை கெட்டுப்போகும், நீ ஆசப்படுற அந்த தடதட சத்தமே அதுலேர்ந்துதான் வருது.

கணக்கு சிம்பிள். இன்டேக் டியூரேஷன் எக்ஸாஸ்ட் டியூரேஷன் ரெண்டையும் கூட்டி பாதியாக்கு, அதுலேர்ந்து எல்எஸ்ஏவ ரெண்டு மடங்காக்கி கழி. 224/224 112க்கு சரியா 0 வரும். 228/228 112க்கு பிளஸ் 4. இதெல்லாம் 0.050 இன்ச் லிஃப்ட்ல, அதாவது கேம் அவ்ளோ உயரம் தூக்கின இடத்துலேர்ந்து, அளக்குற கணக்கு. இப்ப உன் வருஷத்து ஸெட்06 (கார்வெட்லயே பவர் கூடின மாடல்) பாரு, அதோட எல்எஸ்6 இன்ஜின் கேம் 204/218, எல்எஸ்ஏ 117.5, கணக்கு போட்டா மைனஸ் 24. அந்த கேம வச்சுதான் கம்பெனி 405 ஹார்ஸ்பவர் எடுத்தாங்க, ஹெட்டும் கம்ப்ரஷனும் வேறதான், ஆனாலும் ஓவர்லாப் இல்லாமலே எவ்ளோ தூரம் போகலாம்னு அதுல தெரியுது.

ஆறாவது கியர் 0.50. 3.42 கியரோட 70 மைல் ஸ்பீடுல போனா இன்ஜின் 1500 சொச்சத்துலதான் சுத்தும். பிளஸ் ஓவர்லாப் கேம் அந்த ஆர்பிஎம்ல வண்டிய முன்னயும் பின்னயும் உலுக்கும், டிராஃபிக்ல ரெண்டாவது கியர்ல ஊர்ந்து போறப்பவும் அப்படித்தான், கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு கால் செத்துடும். அதுலயும் உனக்கு எக்ஸாஸ்ட் ஒரிஜினல், புகை வெளியேற வழி குறுகல், அந்த நிலைமையில ஓவர்லாப் கூடினா திரும்பி வர்றதுதான் அதிகமாகும். என்னைக் கேட்டா 220/224 எல்எஸ்ஏ 114 எடு, மைனஸ் 6 வரும். எக்ஸாஸ்ட் பக்கம் கூட 4 டிகிரி இருக்குறது உன் எக்ஸாஸ்டுக்கும் உதவும்.

ரெண்டாவது_கியர்:
நான் 228தான் போட்டிருக்கேன், மூணு வருஷமாச்சு, எனக்கு அது உயிர். ஆனா என் வண்டி ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய வரும், லாங் டியூப் ஹெடர் இருக்கு, பின்னாடி 4.10 கியர் மாத்தினேன், டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்) பண்ண மூணு தடவ போனேன். இவ்ளோ செஞ்சும் 1800க்கு கீழ ஓட்ட மாட்டேன். ஆபீஸ் போற வண்டின்னா கிரீஸ்கை அண்ணன் சொல்றதுதான் சரி, 5000 மேல நான் கொண்டாடுற பவர நீ வாரத்துல எத்தன நிமிஷம் தொடப்போற?

இன்னொண்ணு, ஹாரிஸ் கவுண்டின்னா 2025லேர்ந்து சேஃப்டி இன்ஸ்பெக்ஷன்தான் எடுத்தாங்க, எமிஷன் டெஸ்ட் அப்படியேதான் இருக்கு, 24 வருஷம் தாண்டுற வரைக்கும் உன் வண்டி அதுல பாஸ் ஆகணும். கேட்டலிட்டிக் கன்வெர்டர தொடாத, பெரிய கேம் ஐடில்ல மிஸ்ஃபயர் கோடு போட்டு செக் இன்ஜின் லைட் எரிஞ்சா அங்கயே ஃபெயில்.

சாந்தி_காரேஜ்:
கேம் எதுன்னு முடிவாயிடும், நான் வேல பத்தி சொல்றேன், ஏன்னா கேம விட அதச் சுத்தி இருக்குறதுதான் இன்ஜின காப்பாத்தும் இல்ல கெடுக்கும். வால்வ் ஸ்பிரிங் கண்டிப்பா மாத்துங்க தம்பி, 92 ஆயிரம் மைல் அமுங்கி எழுந்த ஒரிஜினல் ஸ்பிரிங் இந்த லிஃப்டுக்கு ஆனது இல்ல, உடைஞ்சா வால்வு பிஸ்டன்ல விழுந்து எல்லாம் போச்சு. பேக் கம்பெனி 1218 ஸ்பிரிங் 0.600 இன்ச் லிஃப்ட் வரைக்கும் தாங்கும். ஹெட் கழட்டாமலே மாத்தலாம், பிஸ்டன மேல கொண்டுவந்து சிலிண்டர்ல காத்து ஏத்தி வச்சா வால்வு உள்ள விழாது. புஷ்ராடும் (லிஃப்டர்லேர்ந்து ராக்கர தள்ளுற கம்பி) புதுசு போடுங்க, ஒரிஜினல் நீளம் 7.400 இன்ச், ஆனா அளந்து பாக்காம வாங்காதீங்க. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளியும் பாக்கணும், இன்டேக் 0.080 இன்ச், எக்ஸாஸ்ட் 0.100 இன்சுக்கு குறையக்கூடாது.

லிஃப்டர்தான் (கேம் மேல உக்காந்து புஷ்ராட தூக்குறது) எனக்கு எப்பவும் பயம். பழைய கேம வெளிய இழுக்கும்போது லிஃப்டர மேல பிடிச்சு வைக்கிறது பிளாஸ்டிக் டிரே, இத்தன வருஷ சூட்டுல அந்தப் பிடி தளந்திருக்கும், ஒண்ணு நழுவி கீழ விழுந்தா ஆயில் பேன் வரைக்கும் போக வேண்டி வரும். ராக்கர கழட்டிட்டு கேம ரெண்டு மூணு சுத்து சுத்தி லிஃப்டர மேல ஏத்திட்டு, முன்னாடி இருக்குற ரெண்டு ஓட்டை வழியா நீளமான ராட் விட்டுத் தாங்க வைங்க. ஆயில் பம்ப் கழட்டுவீங்க, பிக்கப் டியூப் ஓரிங் புதுசா போட்டு மடங்காம உக்காந்திருக்கான்னு கண்ணால பாத்துக்கோங்க.

பேலன்சர (கிராங்க் முன்னாடி இருக்குற புல்லி) எடுக்க ஸ்டியரிங் ரேக்க இறக்கணும், அந்த கிராங்க் போல்ட் ஒரே தடவதான். பழைய போல்ட்ட வச்சு 240 பவுண்ட்-அடிக்கு இழுத்து பேலன்சர உக்கார வச்சு, அப்புறம் புதுசப் போட்டு 37 பவுண்ட்-அடி, அதுக்கு மேல 140 டிகிரி. எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு ஒரு கடையில பழைய போல்ட்டயே திருப்பிப் போட்டுட்டாங்க, ஆறு மாசத்துல பேலன்சர் ஆட ஆரம்பிச்சு பெல்ட் பிஞ்சுது, அன்னைக்கு ஹைவேல நாங்க ரெண்டு பேரும் நின்ன கோலம் இன்னும் மறக்கல. அதுக்கப்புறந்தான் நானே டார்க் ரென்ச் வாங்கி வேலய கத்துக்கிட்டேன். புது போல்ட் விலை ஒண்ணுமே இல்ல.

வெள்ளை_சி5:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, எல்லாருக்கும். 228 பக்கத்த மூடிட்டேன், 220/224 114 ஆர்டர் போடப்போறேன், மிச்சமாகுற காசு ஸ்பிரிங், புஷ்ராட், டைமிங் செயின், போல்ட்டுக்கு. ஒரே ஒரு சந்தேகம், டியூன் பண்றவரு 30 மைல் தள்ளி இருக்காரு, கேம் போட்டதும் வண்டிய ஓட்டிட்டே போலாமா?

கிரீஸ்கை:
ஒரிஜினல் டியூன்ல ஓட்டாத. அவர்கிட்ட முன்னாடியே சொல்லி கேம் கார்ட (கேமோட அளவெல்லாம் இருக்குற சீட்டு) அனுப்பு, ஐடில் காத்தும் ஸ்பார்க்கும் ஓரளவு சரி பண்ணி ஒரு ஸ்டார்ட்டிங் ஃபைல் குடுப்பாரு. அத ஏத்திட்டு 3000 தாண்டாம மெதுவா ஓட்டிட்டுப் போ, ஆயில் பிரஷர் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். ஃபைல் கிடைக்கலன்னா ஃபிளாட்பெட்ல ஏத்திடு.